சரியான விடை, தவறான வழி: பந்தலூர் மாணவர்களின் சுற்று நோட்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் முதுகலைக் கணித ஆசிரியர். ஐஐடியில் சேர்வதற்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை எழுத ஆசைப்பட்ட நான்கு பிள்ளைகள், பயிற்சி மையம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கடினமான கணக்குகளில் ஒருவருக்கொருவர் கைகொடுத்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். பெயர்கள் வேண்டாம். தேவாலா, சேரம்பாடி, எருமாடு, உப்பட்டி என்று ஊர்ப் பெயராலேயே அழைக்கிறேன். தேவாலாவும் உப்பட்டியும் மாணவிகள். மற்ற இருவரும் மாணவர்கள். ஒரு பிள்ளை கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது இன்னொரு பிள்ளை எவ்வளவு சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் நான் கவனித்தது.

இடமும் தேர்வும்

சமவெளியில் இருக்கும் ஆசிரியர்கள் "பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இங்கே அது நடக்காது. இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் யானை நிற்கும். தேவாலா கூடலூர் போகும் வழியில் இருக்கிறது. சேரம்பாடியும் எருமாடும் கேரள எல்லைப் பக்கம். பஸ்ஸும் வேறு வேறு. நான்கு பேரும் பள்ளிக்கு வெளியே ஒன்றாக உட்கார வழியே இல்லை. போனில் பேசலாம் என்றால், சேரம்பாடி மாணவன் இருக்கும் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டில் சிக்னல் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. பயிற்சி மையத்துக்குக் கோவை போகலாம் என்பது பேச்சுக்குத்தான். காலையில் பஸ் ஏறினால் கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் தாண்டிப் போய்ச் சேரவே பகலில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் ஜேஇஇ மெயின். அதில் முன்னணியில் வரும் சுமார் 2,50,000 பேர்தான் ஐஐடிகள் நடத்தும் அட்வான்ஸ்டை எழுதலாம். ஒரே நாளில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம். மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு இன்னும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். அதனால் நோட்டில் கேள்வியை ஆங்கிலத்தில் இருந்தபடியே எழுதிவிட்டு, அதற்குக் கீழே நடக்கும் பேச்சை எல்லாம் தமிழில் வைத்துக்கொண்டார்கள். நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்களில் அடித்தளம் நன்றாகவே இருக்கிறது. பாடநூல் ஒரு கணக்குக்கு ஒரு கருத்தைக் கேட்கும். அட்வான்ஸ்டு மூன்று கருத்துகளை ஒரே கணக்கில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். பிள்ளைகள் திணறுவது அந்த முடிச்சில்தான்.

நோட்டு

பெரிய சைஸ் கோடு போட்ட நோட்டு. இடது பக்கம், மாட்டிக்கொண்டவர் கேள்வியையும் தான் போட்ட வரிகளையும் எழுதுவார். வலது பக்கம் மற்றவர்களுக்கு. தினமும் காலையில் வகுப்பில் கை மாறும். சாயங்காலம் ஒருவர் பையில் வீட்டுக்குப் போகும்.

முதல் சில வாரங்கள் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழுக்களிலும் நடப்பது அதுதான். தேவாலா மாணவி கெட்டிக்காரி. யார் எதில் நின்றாலும் வலது பக்கம் முழுவதையும் முத்து முத்தான எழுத்தில் நிரப்பிவிடுவாள், முதல் வரியிலிருந்து விடை வரை. மற்ற மூவரும் அதைத் தங்கள் நோட்டில் பெயர்த்து எழுதிக்கொள்வார்கள். எண்ணை மட்டும் மாற்றி அதே கணக்கை வகுப்பில் கொடுத்தேன். தேவாலாவைத் தவிர ஒருவரும் மூன்றாவது வரியைத் தாண்டவில்லை.

உப்பட்டி மாணவிதான் வாயைத் திறந்தாள். "நீ எழுதினது எல்லாம் புரியுதுடி. ஆனா நான் எங்க நின்னேன்னு அதுல இல்லையே" என்றாள். தேவாலாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. உதவி செய்தவளைக் குறை சொன்னது போல் ஆகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் நோட்டின் சட்டம் பிறந்தது. வலது பக்கத்தில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியும் இடது பக்கத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்க வேண்டும். புதுப் பாதை போடக் கூடாது. இடது பக்கம் வெறுமையாக இருந்தால் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள்.

கேட்பதற்குச் சின்னச் சட்டம். கடைப்பிடிப்பதுதான் பாடு. கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தன் வழியை விட்டுவிட்டு அடுத்தவரின் வழிக்குள் இறங்கிப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த வருடம் முழுக்கத் தேவாலாவின் அடித்தல் திருத்தல்களில் பார்த்தேன்.

ஓர் எடுத்துக்காட்டு. எக்ஸ் வர்க்கத்தை, ஒன்றோடு இ-யின் எக்ஸ் அடுக்கைக் கூட்டி வந்ததால் வகுத்து, அதாவது x² ÷ (1 + eˣ) என்பதை, −1 முதல் 1 வரை தொகையிட வேண்டும். சேரம்பாடி மாணவன் இ-யின் எக்ஸ் அடுக்கை டி என்று வைத்துப் பிரதியிட்டான். மேலே மடக்கையின் வர்க்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பகுதிப் பின்னமாக்கினான், பகுதித் தொகையிடல் போட்டான், பக்கம் முழுக்கக் கோடு. தேவாலாவுக்கு விடை மனதிலேயே தெரியும். அவள் எழுதிய வரி இவ்வளவுதான்: "உன் இரண்டாவது வரியில் எல்லைகளைப் பார். டி எங்கிருந்து எங்கே போகிறது? ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது வருகிறதா?" எல்லைகள் இ-யில் ஒரு பங்கும், இ-யும். டியைத் தலைகீழாக்குவது என்றால் எக்ஸை மைனஸ் எக்ஸ் ஆக்குவது. மறுநாள் அவனே எழுதினான்: மாற்றிப் போட்டதையும் பழையதையும் கூட்டினால் கீழே இருப்பவை சேர்ந்து 1 ஆகிவிடுகின்றன, மிச்சம் எக்ஸ் வர்க்கம் மட்டும். தொகையின் இரு மடங்கு 2/3. எனவே விடை 1/3. இந்த உத்தி எந்தக் கைடிலும் இருக்கிறது. ஆனால் தன்னுடைய வீணாய்ப்போன பிரதியிடலுக்குள்ளேயே அது ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தவன் அவன். அதற்குப் பிறகு அந்த வகைக் கணக்கை அவன் விட்டதே இல்லை.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் 1970களில் நுண்கணித வகுப்பு மாணவர்களைக் கவனித்தார். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டுக் கூடி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். கறுப்பின மாணவர்களில் பெரும்பாலானோர், எவ்வளவு உழைத்தாலும், தனியாகவே படித்தார்கள், தனியாகவே தோற்றார்கள். அவர் அமைத்த பயிலரங்கில் பின்தங்கியவர்களுக்கென்று சுலபப் பாடம் வைக்கவில்லை. எல்லோருக்கும் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் "சின்னதாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்" என்று நினைப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். கூட்டாகப் போடும்போது கணக்கு கடினமாக இருந்தால்தான் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.

540

இந்தப் பதிவை எழுத வைத்ததே இந்தக் கணக்குதான்.

2012 ஐஐடி ஜேஇஇ தாளில் ஒரு கேள்வி வந்தது. வெவ்வேறு நிறமுள்ள 5 பந்துகளை 3 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒன்றாவது கிடைக்கும்படி, எத்தனை வழிகளில் பங்கிடலாம்? விடை 150. எருமாடு மாணவன் அதையே கொஞ்சம் மாற்றி, 6 வெவ்வேறு புத்தகங்கள், 3 பேர் என்று நோட்டில் எழுதி, தானே போட்டும் பார்த்தான்.

அவன் வழி இது. முதலில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துவிடலாம்: 6 × 5 × 4 = 120. மீதி மூன்று புத்தகங்கள் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம்: 3 × 3 × 3 = 27. பெருக்கினால் 3,240. மொத்தப் பங்கீடுகளே 3⁶ = 729 தானே, 3,240 எப்படி வரும் என்று அவனுக்கே உறைத்தது. ஒன்றையே பல தடவை எண்ணிவிட்டோம் என்று புரிந்துகொண்டான். மூன்று பேர் இருக்கிறார்கள், அதனால் 3! (3 × 2 × 1 = 6) ஆல் வகுக்க வேண்டும் என்று முடிவு கட்டினான். 3,240 ÷ 6 = 540.

சேரம்பாடி மாணவன் வேறு வழியில் சரிபார்த்தான். 729-லிருந்து யாரோ ஒருவருக்கு எதுவும் கிடைக்காதவற்றைக் கழி: 3 × 2⁶ = 192. இருவருக்குக் கிடைக்காதவை இரண்டு தடவை கழிந்துவிட்டன. அந்த 3-ஐத் திரும்பக் கூட்டு. 729 − 192 + 3 = 540. விடை பொருந்திவிட்டது. வலது பக்கம் "சரி" என்று எழுதி, கீழே கோடு போட்டு முடித்துவிட்டார்கள். தேவாலாவும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

உப்பட்டி மாணவிதான் நான்கு பேரில் மெதுவானவள். புரியாததைப் புரிந்தது போல் விட்டுவிட அவளுக்கு வராது. மூடப்பட்ட பக்கத்தைத் திறந்து, கோட்டுக்குக் கீழே எழுதினாள்: "3! எதுக்கு? ஆட்கள் வேற வேற ஆட்கள்தானே. ஆட்களை மாத்தினா பங்கீடும் மாறுமே." பிறகு, எங்கிருந்து கற்றாளோ, ஒரு நல்ல கணிதக்காரர் செய்யும் காரியத்தைச் செய்தாள். எண்ணைச் சின்னதாக்கிப் பார்த்தாள். 5 பந்து: 5 × 4 × 3 × 9 = 540. ஆறால் வகுத்தால் 90. ஆனால் விடை 150! 4 பந்து: 4 × 3 × 2 × 3 = 72. ஆறால் வகுத்தால் 12. சரியான விடை 36. இரண்டிலும் வழி தப்புகிறது. ஆறு புத்தகத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தியது?

மூன்று நாள் நோட்டில் வேறு எந்தக் கணக்கும் ஏறவில்லை. ஒரு வரி, ஒரு வரியாகத்தான் போனது. எந்தப் பங்கீடு எத்தனை தடவை எண்ணப்படுகிறது என்று கேட்டாள் தேவாலா. ஒருவனுக்கு நான்கு புத்தகம் கிடைத்திருந்தால், அந்த நான்கில் எது "முதலில் கொடுத்த புத்தகம்" என்பதற்கு நான்கு வாய்ப்பு என்று எழுதினான் சேரம்பாடி. அங்கிருந்து எருமாடு மாணவனே தன் தவறின் மிச்சத்தை அவிழ்த்தான். புத்தகங்கள் 4, 1, 1 என்று பிரிந்தால் ஒவ்வொரு பங்கீடும் 4 தடவை எண்ணப்படுகிறது. 3, 2, 1 என்றால் 3 × 2 × 1 = 6 தடவை. 2, 2, 2 என்றால் 8 தடவை. முதல் வகையில் 90 பங்கீடுகள், இரண்டாவதில் 360, மூன்றாவதில் 90. கூட்டினால் 540. தடவைகளோடு பெருக்கிக் கூட்டினால் 360 + 2,160 + 720 = 3,240.

நாலு தடவைக்காரர்களும் 90, எட்டுத் தடவைக்காரர்களும் 90. ஒன்றில் குறைவதும் மற்றதில் கூடுவதும் சமமாகி, சராசரி சரியாக 6-இல் வந்து நின்றுவிட்டது. அது 3! என்பதோடு ஒத்துப்போனது தற்செயல்.

விடைப் பட்டியலைப் பார்த்துத் திருத்தும் எந்தத் தேர்வும் எருமாடு மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கும். அவனும் அந்த வழியை நம்பி அடுத்த தேர்வில் 7 புத்தகத்துக்குப் போட்டிருப்பான். 2,835 என்று எழுதியிருப்பான். சரியான விடை 1,806. தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு இதைப் பிடித்துக் காட்ட ஆளே கிடையாது. நான்கு பேரில் கெட்டிக்காரர்கள் கடந்துபோன இடத்தில் மெதுவானவள் நின்றாள். குழுவில் அவளுக்கு மற்றவர்கள் உதவுகிறார்கள் என்றுதான் அதுவரை எல்லோரும், அவள் உட்பட, நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குப் பிறகு நோட்டில் "சரி" என்ற சொல் அரிதாயிற்று. "4-க்குப் போட்டுப் பார்த்தாச்சு" என்று எழுதத் தொடங்கினார்கள்.

மைனஸ் இரண்டு

அட்வான்ஸ்டு தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கும் கேள்விகள் வரும். சரியானவை எல்லாவற்றையும் குறித்தால் 4 மதிப்பெண். சிலவற்றை மட்டும் குறித்து, குறித்தவை எல்லாம் சரி என்றால் அதற்கேற்பக் கொஞ்சம் கிடைக்கும். தவறான ஒன்றைத் தொட்டுவிட்டால் மைனஸ் 2. எனவே உறுதியானதை மட்டும் குறிப்பதும் ஒரு திறமைதான்.

எக்ஸை அதன் மட்டு மதிப்பால் பெருக்கி வரும் சார்பு பற்றி ஒரு கேள்வி வைத்தேன். "மட்டு இருக்கு, பூச்சியத்துல வகைக்கெழு இருக்காது" என்று எருமாடு மாணவன் "தொடர்ச்சியானது" என்பதை மட்டும் குறித்தான். உப்பட்டி அவனை வரைபடம் போடச் சொல்லி ஒரு வரி எழுதினாள். வலப்பக்கம் மேல்நோக்கிய பரவளையம், இடப்பக்கம் கீழ்நோக்கியது. பூச்சியத்தில் இரண்டும் வழுக்கிக்கொண்டு சேர்கின்றன. முதல் வகைக்கெழு மட்டு எக்ஸின் இரு மடங்கு. அது பூச்சியத்திலும் இருக்கிறது, தொடர்ச்சியாகவும் இருக்கிறது. இரண்டாம் வகைக்கெழுவுக்குத்தான் அங்கே இடமில்லை: வலப்பக்கம் 2, இடப்பக்கம் −2. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் நன்றாகப் பழகிவிட்ட காலத்துப் பக்கம் இது, அரை நாளில் முடிந்தது.

மழையும் போனும்

ஜூலையில் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் ஊற்றினால் ஊற்றும். கலெக்டர் விடுமுறை விட்டுக்கொண்டே இருந்தார். நோட்டு எருமாட்டில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் போனுக்கு மாறினார்கள்: கணக்கைப் படம் எடுத்து அனுப்பு, சிக்னல் கிடைத்தவர் பதில் போடு.

வேகம் கூடியது, கணக்கு கெட்டது. கேள்வி வந்த சில நிமிடங்களில் யாராவது ஒருவர் விடையைப் போட்டுவிடுவார்கள். கேட்டவரும் இரண்டு வரி போட்டுப் பார்க்காமலேயே படத்தை அனுப்பத் தொடங்கினார். பள்ளி திறந்ததும் அவர்களாகவே நோட்டுக்குத் திரும்பியது எனக்கு ஆறுதல். பஸ்ஸில் நோட்டு போய் வரும் அந்த ஓர் இரவு, கேட்டவரையே இன்னும் ஒரு முயற்சி செய்ய வைக்கிறது. பல பக்கங்களில் வலது பக்கத்து வரி வருவதற்குள் இடது பக்கத்திலேயே "கிடைச்சிருச்சு" என்று இருக்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு. டெபுட்டி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர் 1907-இல் தொடங்கிய சிறு கணிதச் சங்கம்தான் பின்னாளில் இந்தியக் கணிதக் கழகம் ஆனது. வெவ்வேறு ஊர்களில் இருந்த உறுப்பினர்களுக்குக் கணித இதழ்கள் தபாலில் சுற்றி வந்தன. அந்தக் கழகத்தின் இதழில் 1911-இல் ராமானுஜன் ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் போகும் வர்க்கமூலக் கணக்கு ஒன்றைக் கேட்டார். மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே 3 என்று சொன்னார். அத்தனை காலம் ஒரு கேள்வி திறந்தே கிடந்ததை நான் வகுப்பில் சொன்னபோது சேரம்பாடி மாணவனுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நம்ம மூணு நாள் எல்லாம் ஒண்ணுமே இல்ல சார்" என்றான்.

முடிவுகளும் ஒரு மிச்சமும்

நான்கு பேரில் தேவாலாவும் சேரம்பாடியும் மெயின் தாண்டி அட்வான்ஸ்டு எழுதினார்கள். ஐஐடியில் இடம் கிடைக்கவில்லை. இருவரும் பொறியியல் படிக்கிறார்கள். எருமாடு மாணவனும் பொறியியல்தான். உப்பட்டி மாணவி பி.எஸ்சி. கணிதம் எடுத்தாள், யாரும் சொல்லி எடுக்கவில்லை. ஐஐடி கிடைக்காததால் இந்த முயற்சி வீண் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளஸ் ஒன்னிலேயே தொடங்கியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டு அப்படித்தான் தொடங்கியிருக்கிறோம், சேர்ப்பியலை (540 போன்ற எண்ணும் கணக்குகளை) முதலில் வைத்து.

540 கணக்குக்கு ஒரு வால் இருக்கிறது. தேர்வெல்லாம் முடிந்த பிறகு உப்பட்டி மாணவி நோட்டின் கடைசிப் பக்கங்களில் அதைத் தொடர்ந்திருந்தாள். மூன்று பேருக்கு 6 புத்தகத்தில் அந்தத் தவறான வழி பொருந்துகிறது. இரண்டு பேருக்கு? 3 புத்தகத்தில்: 3 × 2 × 2 = 12, இரண்டால் வகுத்தால் 6, சரியான விடையும் 6. ஒரே ஆளுக்கு 1 புத்தகம், அதுவும் பொருந்தும். 1, 3, 6. அடுத்தது 10 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் பெரிய ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். நான்கு பேருக்கு 10 புத்தகம். தவறான வழியில் 5,040 × 4,096 = 2,06,43,840; 24-ஆல் வகுத்தால் 8,60,160. சரியான எண்ணிக்கை 10,48,576 − 2,36,196 + 6,144 − 4 = 8,18,520. பொருந்தவில்லை. 9 புத்தகத்துக்கும் போட்டுப் பார்த்திருக்கிறாள்: தவறான வழியில் 1,29,024, சரியான எண்ணிக்கை 1,86,480. அங்கே குறைகிறது, இங்கே கூடுகிறது. நான்கு பேருக்கு இந்த இரண்டு எண்ணிலும் அந்தத் தற்செயல் நடக்கவில்லை.

9-இல் குறைந்து 10-இல் கூடுகிறது என்பதால் மற்ற எந்த எண்ணிலும் பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது. புத்தகம் கூடக்கூட அந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் போகும் என்று நிறுவ வேண்டும். அந்தப் பக்கம் இப்போது பிளஸ் ஒன் பிள்ளைகளின் நோட்டில் முதல் கேள்வியாக ஒட்டப்பட்டிருக்கிறது. இடது பக்கத்தில் இதுவரை இரண்டு வரிகள் ஏறியிருக்கின்றன.